சுடலைமணி கோப்பையும் நான் கொடுத்த கோலும்

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

பாளையங்கோட்டையில் வாசம்பண்ணுகிறவரும், மாவட்டக் கால்பந்து நடுவர் குழுவின் செயலாளரும், என் அக்காளைக் கைப்பிடித்த நாள்முதல் எனக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவருமான ஞானசிகாமணி அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் சாம்ராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் மார்த்தாளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை கூசியதால் உயிரோடு என்று எழுதியிருக்கிறேன். தங்கநேசம் அக்காளின் மூட்டுவலி தேவலையா? நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு அதற்குமேல் அல்வாவும் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். குறைத்துக்கொள்ளவும். இந்தக் காலத்தில் எவன் தபால் எழுதுகிறான், வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அனுப்பலாம்தான். ஆனால் அங்கே ஏற்கெனவே என் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. படம் இருக்கிற இடத்துக்கு நான் வேறு போய் நிற்பானேன் என்று இருந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை முடியும்வரை நான் எந்த ஆட்டத்திலும் விசில் ஊதக் கூடாது என்று உங்கள் குழுவிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. மச்சினன் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டீர்களே, அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான். எங்கள் அப்பா பாக்கியநாதன் வாத்தியார் பள்ளிக்கூட ஆட்டத்துக்கு நடுவராக நின்றபோது, பெற்ற மகன் என்றும் பாராமல் என்னை மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பினவர். அந்த ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது. அவர் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் விசில் இல்லாத வாழ்க்கை எனக்குப் பழக்கமில்லை அத்தான். பென்ஷன் வாங்கத் தொடங்கின பிறகு என்னிடம் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அதுதான். அடுப்பங்கரையில் குக்கர் கத்தினால் மார்த்தாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அதுக்காவது அனுமதி உண்டா, இல்ல அதையும் நிப்பாட்டணுமா?" என்று கேட்கிறாள். ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நியாயம் எதுவோ அதைச் செய்து, என் விசிலை எனக்கு வாங்கித் தர வேண்டியது.

எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஆவுடையப்பனை உங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் கல்யாணத்துக்கு மேடை அலங்காரத்துக்கான பூவெல்லாம் அவர் கடையிலிருந்துதான் வந்தது. அவருடைய தகப்பனார் சுடலைமணி காலமான பிறகு, அவர் பெயரில் ஒரு கால்பந்துச் சுழற்கோப்பை நிறுவினார். சுடலைமணிக்கும் கால்பந்துக்கும் உயிரோடு இருந்த காலத்தில் இருந்த சம்பந்தம் ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பறந்து வந்த பந்து அவருடைய பூக்கூடையில் விழுந்துவிட்டது. மனிதர் பூ கட்டும் நாரை அறுக்கிற கத்தியால் பந்தைக் கிழித்து, தேடி வந்த பையன்கள் கையிலே கிழிந்த பந்தைக் கொடுத்து அனுப்பினார். அவர் நினைவாகத்தான் இப்போது வருஷா வருஷம் போட்டி. சுழற்கோப்பை என்றால் அது ஊர் ஊராகச் சுழல வேண்டும் அல்லவா? இந்தக் கோப்பை இதுநாள்வரை ஆவுடையப்பன் வீட்டு வாசல்படியைத் தாண்டினது கிடையாது. வருஷா வருஷம் பூ மார்க்கெட் அணிதான் ஜெயிக்கும், கோப்பை நேரே அவர் வீட்டுக்குப் போகும், தகப்பனார் படத்துக்கு அடியில் உட்காரும், அதற்கும் ஒரு மாலை விழும், திதி அன்றைக்கு அதற்கு முன்னால் இலை போட்டுச் சோறு வைப்பார்கள். "கோப்பை வெளியூரு போனா எங்கப்பா வெளியூரு போன மாதிரிலா. வேத்தாளு வீட்டுல, கெடச்சதத் தின்னுக்கிட்டு, அவரு எப்படி இருப்பாரு சொல்லுங்க?" என்று ஆவுடையப்பன் கேட்பாராம். கேட்கிறவர்களுக்கும் கண் கலங்குமாம்.

இதற்கு ஊரே சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. அரையிறுதிவரை ஆட்டமெல்லாம் உண்மையான ஆட்டம். காலை உடைப்பதும் மண்டையை உடைப்பதும் உண்டு. பைனலுக்கு முதல்நாள் எதிர் அணிக் கேப்டனுக்கு ஆவுடையப்பன் கடையிலிருந்து ஒரு கூடை மல்லிகைப்பூ போகும். பேச்சு வார்த்தை கிடையாது, கையடித்துக் கொடுப்பது கிடையாது. கூடையை வாங்கி வைத்துக்கொண்டால் கோப்பையை விட்டுக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். "பூ வாங்கியாச்சு" என்று ஒரு வார்த்தை மார்க்கெட்டில் பரவும், அதோடு பைனல் முடிந்த மாதிரி. மறுநாள் நடப்பது ஒரு சடங்கு. இதற்கு மேட்ச் ஃபிக்ஸிங் என்று பெயர் சொன்னால் அடிக்க வருவார்கள். இதற்குப் பெயர் மரியாதை. ஆனால் இதே ஊரில், டீக்கடைக்கு முன்னால் இங்கிலாந்துக் கிளப் பனியனைப் போட்டுக்கொண்டு நிற்கிற பயல்கள், எங்கோ இத்தாலியில் ஒருத்தன் ஆட்டத்தை விற்றான் என்று ஃபோனில் படித்துவிட்டு, "அவனையெல்லாம் சும்மா விடக் கூடாதுலே, ஆயுசுக்கும் உள்ள வைக்கணும்" என்று பொங்குகிறார்கள். நெஞ்சில் கிளப் முத்திரை, கையில் பூக்கூடை. இத்தனையும் எனக்குப் பைனல் முடிந்த பிறகுதான் தெரியும் அத்தான். சொந்த ஊரில் இருந்துகொண்டு தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் போட்டிக்கு என்னை யாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, கூப்பிடாத இடத்துக்கு நான் போனதுமில்லை.

வழக்கமாக இந்தப் பைனலுக்கு ஊதுகிறவர் ராயகிரிப் பக்கத்து வாத்தியார் ஒருவர். அவருக்கு இந்த வருஷம் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். புரை இருந்த வருஷமெல்லாம் ஒரு குறையுமில்லாமல் ஊதினவர், கண் தெளிந்ததும் இனிமேல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டாராம். அதனால் என்னிடம் வந்தார்கள். நான் வெள்ளைக் கால்சட்டையைத் தோய்த்து இஸ்திரி போட்டு, விசிலைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன். சொந்த ஊர் மைதானத்தில் சொந்த ஜனங்களுக்கு முன்னால் ஊதப் போகிறோம் என்று சிறுபிள்ளைபோலச் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆவுடையப்பன் கடை ஆள் ஒருவர் வந்து ஒரு கூடை மல்லிகையை வாசலில் இறக்கினார். முகூர்த்த சீசனில், ஒரு முழம் வாங்கவே யோசிக்கிற நேரத்தில், கூடை நிறைய மொட்டு. நான் என்ன நினைத்தேன் என்றால், நடுவருக்கு மாலை போடுவார்களே, அதை வீட்டிலேயே கட்டிக்கொள்ளச் சொல்லிப் பூவாக அனுப்பியிருக்கிறார்கள், நல்ல சிக்கன புத்தி என்று நினைத்தேன். மார்த்தாளோ, "இம்புட்டையும் தலையில வச்சா நான் சப்பரம் மாதிரிலா இருப்பேன்" என்று சொல்லி, கூடையோடு தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் கொடுத்துவிட்டாள். ஞாயிறு காலை ஆராதனையில் பீடம் முழுக்க மல்லிகை. இப்படி ஒரு வாசனையை இந்த ஆலயம் கண்டதில்லை என்று குருவானவர் எங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். ஊர் வழக்கப்படி பார்த்தால் அன்றைக்கு நானும் பூ வாங்கிவிட்டேன், மார்த்தாளும் வாங்கிவிட்டாள், சபையாரும் வாங்கிவிட்டார்கள். எங்களுக்குத்தான் தெரியாது.

அன்று சாயங்காலம் பைனலில் மார்க்கெட் அணிக்கு எதிராகக் கடையநல்லூர் அணி. முந்தின நாள் மழை பெய்து கரிசல் மண் களியாகக் கிடந்தது. ஓடினால் பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வரும். இந்த வருஷம் புதுமை என்னவென்றால், வெளிநாட்டு ஆட்டங்களில் சந்தேகம் வந்தால் நடுவர் ஓரமாக ஓடிப் போய் ஒரு திரையில் திரும்பப் பார்த்துவிட்டு வருவாரே, அந்த ஏற்பாடு. செய்தவன் மாரிக்கண்ணன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோவும் கம்ப்யூட்டர் சென்டரும் சேர்த்து நடத்துகிறவன், என்னிடம் படித்தவன். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதை வெளியே இருப்பவர்களுக்குக் காட்டுகிற பெரிய எல்.இ.டி. திரையைக் கொண்டுவந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான். அதற்குக் கீழே மேஜையில் தொடுதிரைக் கம்ப்யூட்டர். "லட்சக்கணக்குல விக்கிற சாஃப்ட்வேர் சார்வாள். நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தன் பூட்ட ஒடச்சுக் குடுத்தான், சும்மா எறக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான். நான், "திருட்டுச் சாமானை வைத்து நியாயம் பார்க்கப் போகிறோமா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அங்கேயே அந்த ஒயரைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ரெண்டு பக்கமும் கோல் இல்லை. மார்க்கெட் அணிக்குக் கோல் போடத் தெரியவில்லை. கடையநல்லூர் அணி எவ்வளவோ வழிவிட்டும் அவர்களால் முடியவில்லை. அப்போது கடையநல்லூர்ப் பையன் சதாம், துபாயில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறவன், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வாங்கினான். அங்கிருந்தே ஒரு அடி. அத்தான், நானும் எத்தனையோ ஆட்டம் பார்த்தவன், அப்படி ஒரு அடியைப் பார்த்ததில்லை. பந்து மேலே போய், வளைந்து, மேல் கம்பியின் அடிப்பக்கத்தில் மோதி, கோட்டுக்கு உள்ளே குத்தி, வெளியே துள்ளி வந்தது. நான் கோல் கோட்டுக்கு நேரே நின்றேன். முழுப் பந்தும் உள்ளே. சேற்றில் பந்தின் தடம்கூட இருந்தது; கோல்கீப்பர் அதன்மேல் ஏறி நின்றுகொண்டான். விசிலை ஊதி, கோல் என்று நடுவட்டத்தைக் காட்டினேன். கை தட்டல் இல்லை. ஒருத்தனும் கத்தவில்லை. திரும்பிப் பார்த்தால், கோல் போட்டவன் தலையில் கைவைத்துச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறான்.

ஓடி வந்தான் சதாம். "சார், கோல் இல்ல சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், இல்லன்னு சொல்லிருங்க. கம்பிக்கு மேல தூக்கித்தான் சார் அடிச்சேன். சேத்துல கால் வழுக்கிட்டு." மார்க்கெட் கீப்பர் கோல் இல்லை என்கிறான். அது நியாயம். கடையநல்லூர்க் கேப்டன் கோல் இல்லை என்று என் கையைப் பிடிக்கிறான். கொடி பிடித்திருந்த துணை நடுவர், ஆவுடையப்பனுக்கு மச்சினன் முறை, தான் அந்த நேரம் தும்மிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அடிச்சவனே இல்லங்கான், ஒமக்கு என்னவே கேடு?" அடித்தவன், பிடிக்க நின்றவன், தோற்றவன், ஜெயித்தவன் எல்லாரும் ஒரே பக்கம், விசிலைப் பிடித்துக்கொண்டு நான் ஒருத்தன் மறுபக்கம். ஆவுடையப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "சார்வாள், ஆடுதவங்களுக்கு இல்லாத அக்கறை ஒங்களுக்கு எதுக்கு? சரி, ஒங்க மனசுக்கும் குறை வேண்டாம், அந்தானைக்கு இப்பமே டி.வி.ல பாத்துருவோம்." எனக்கும் ஒரு வீம்பு. ஊர் முழுக்கப் பார்க்கட்டும், பாக்கியநாதன் வாத்தியார் மகன் சொன்னது சரி என்று சுவர் அளவுக்குத் தெரியட்டும் என்று நடந்தேன்.

மாரிக்கண்ணன் படத்தைப் பின்னால் ஓட்டி, மெதுவாக விட்டான். சதாம் கால் எழும்புகிறது. பந்து வளைகிறது. கம்பியில் மோதுகிறது. பைய இறங்குகிறது. கோட்டுக்கு ஒரு சாண் மேலே வருகிறபோது, திரை முழுக்க ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்து நின்று, இன்றே பந்தயம் கட்டுங்கள், இப்போதே வெல்லுங்கள் என்று கண்ணடித்தாள். சுற்றிலும் தங்கக் காசு கொட்டுகிறது. பந்து அவள் இடுப்புக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது. மாரிக்கண்ணன் ஒயரைத் தேடி மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு, "சார்வாள், மூலையில பெருக்கல் குறி இருக்கும், அத அமுக்குங்க" என்று கத்தினான். அமுக்கினேன். அது நகர்ந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன். உள்ளே என்ன திறந்ததோ தெரியாது, ஒரு சக்கரம் சுற்றி நின்று, நாதஸ்வரம் மாதிரி ஒரு சத்தம் வந்து, "வாழ்த்துகள்! நீங்கள் வென்றுவிட்டீர்கள்!" என்று கல்யாண வீட்டு எல்.இ.டி. முழுக்க மின்னியது. அந்த நேரத்தில்தான் படம் எடுத்திருக்கிறான்கள். வாயில் விசில், விரல் சூதாட்டத் திரையில், தலைக்குமேல் வாழ்த்துகள். அதன்பிறகு கம்ப்யூட்டர் கறுத்துப் போய், உங்கள் இலவசக் காலம் முடிந்தது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை, யாரைப் போய்த் தொடர்புகொள்வது?

திரை செத்தால் நடுவர் கண்ணால் கண்டதே முடிவு. உங்கள் குழு அச்சடித்துக் கொடுத்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது. கோல் என்றேன். சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்தது. ஜெயித்த அணி கோப்பையை வாங்க வராமல் வேனைப் பார்த்து ஓடியது. பரிசு கொடுக்காமல் போட்டி முடிந்ததாக எழுத எனக்கு அதிகாரமில்லை; ஆகவே கோப்பையை நானே தூக்கிக்கொண்டு, "ஏலே, வாங்கிட்டுப் போங்கலே! இது ஒங்க கோப்பை!" என்று வேனுக்குப் பின்னாலேயே ஓடினேன். அதையும் படம் எடுத்திருக்கிறான்கள். கோப்பையோடு ஓடும் நடுவர் என்று அதற்குத் தலைப்பு. ஒருவழியாக வேன் ஜன்னலுக்குள் கோப்பையைத் திணித்துவிட்டு வந்தேன். ஆவுடையப்பன் மைதானத்து ஓரத்தில் நின்று, "எங்கப்பா போறாவளே!" என்று அழுதார். மறுநாள் காலையிலேயே கடையநல்லூர்க் கேப்டன் முதல் பஸ்ஸில் வந்து, கோப்பையை ஒரு துண்டில் சுற்றி, பூக்கடை வாசலில் வைத்து, "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, தெரியாம ஜெயிச்சுட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். தெரியாமல் ஜெயித்ததற்கு மன்னிப்புக் கேட்டவனை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஆக எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது. கோப்பை திரும்பி வந்தாயிற்று, சுடலைமணி வீட்டுக்கு வந்துவிட்டார். மிஞ்சினது நான். ஊர் கணக்குப் போட்டுப் பார்த்தது. ரெண்டு அணியும் கோல் இல்லை என்கிறது, இவன் மட்டும் கோல் என்கிறான், பூவையும் வாங்கியிருக்கிறான், படத்தில் பந்தயம் கட்டுகிறான், ஜெயித்துமிருக்கிறான். அப்படியானால் ஃபிக்ஸிங் செய்தது யார்? ஆட்டத்தையே விட்டுக் கொடுக்கிற ஊரில், விட்டுக் கொடுக்காத ஒருத்தன்தான் ஆட்டத்தை விற்றவன். கோயிலில் வேதபாடம் வாசிக்கிற முறை எனக்கு வந்தபோது, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன் அண்ணாச்சி" என்றார் குருவானவர். பீடத்தில் வாடிப்போன மல்லிகையை அவரே கூட்டி அள்ளினாராம். இன்னொரு பக்கம், முன்னால் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறவனெல்லாம் இப்போது நின்று வணக்கம் வைக்கிறான். நேற்று ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "சார்வாள், அது எந்த ஆப்பு? சனிக்கிழம மேட்ச்சுல யாரு ஜெயிப்பான்னு காதுல மட்டும் சொல்லிருங்க" என்றார். வாத்தியாராக இருந்த காலமெல்லாம் நேர்மையாக இருந்து வராத மரியாதை, திருடன் என்று பெயர் வந்ததும் வந்துவிட்டது. மார்த்தாள் நேற்று, "ஒங்களுக்கு எதுக்கு அந்த எளவு ஸ்கிரீனத் தொடணும்?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாரிக்கண்ணன் கடைக்குப் போய், நடந்ததை நடந்தபடி நாலு பேர் முன்னால் சொல்லு, உன் திருட்டுச் சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்த விளம்பரம் அது என்று சொல்லு என்றேன். அவன் என்னை உட்காரவைத்துக் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "சொல்லலாம் சார்வாள். சொன்னா ஊர்ல ஒரு கடையும் ஓடாதே. அந்தக் கோச்சிங் சென்டர்ல ஓடுதது நான் ஒடச்சுக் குடுத்தது. ஜெராக்ஸ் கடையில ஓடுதது நான் ஒடச்சது. ஒங்க கோயில்ல பாட்டு வரி காட்டுதீங்கள்லா, அதுவும் நம்ம கைங்கரியம்தான்." ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன் அத்தான். உண்மைதான். பாட்டு வரிகளுக்குக் கீழே, மூலையில், வெளிறின எழுத்தில், பணம் கட்டி உரிமம் பெறவும் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. சபையார் இத்தனை நாளும் அதற்கு மேலேயே துதித்துப் பாடிக்கொண்டிருக்கிறோம். "யாருக்கு சார்வாள் நஷ்டம்? அவன் அமெரிக்காவுல கோடி கோடியா சம்பாதிக்கான், நான் இங்கன ரெண்டு கல்யாணத்தப் படம் பிடிக்கேன்" என்றான் மாரிக்கண்ணன். அதற்கு முன்னால் மார்க்கெட்டில் பார்த்தபோது ஆவுடையப்பனும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்: விட்டுக் கொடுக்கிறதால் யாருக்கு நஷ்டம்? ரெண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவர்கள் கலர் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

யாருக்கு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை சதாம் ஃபோன் பண்ணினான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நிற்கிறானாம், துபாய்க்குத் திரும்பப் போகிறானாம். பக்கத்தில் ஆள் இருக்கிறதோ என்னவோ, மெதுவாகத்தான் பேசினான். "சார், ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கிடாதீங்க. நெசமாவே அது உள்ள போச்சா சார்?" போயிற்றடே என்றேன். "கோட்டுல பட்டுதா, தாண்டிச்சா?" முழுப் பந்தும் தாண்டிற்று, தடமே கிடந்தது என்றேன். விமானம் கூப்பிடுகிற அறிவிப்பு கேட்டது. அப்புறம் சொன்னான்: "மேல அடிக்கதுக்குன்னு சொன்னேன்லா சார், அது பொய். பந்து கால்ல பட்ட ஒடனே எல்லாம் மறந்துட்டு. சின்னதுல இருந்து ஆடுதேன், அது மாதிரி ஒண்ணு என் கால்ல பட்டதே இல்ல. நீங்க ஒருத்தராவது பாத்தீங்கள்லா, அது போதும் சார். யார்ட்டயும் சொல்லிராதீங்க." வைத்துவிட்டான். அத்தான், நான் அழுதேன். ஒருத்தன் ஆயுளில் ஒருமுறை ஒரு கோல் அடிக்கிறான். அதை அவன் ஏர்போர்ட்டில் ஒளிந்து நின்றுதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கோலுக்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நான்தான். அந்தச் சாட்சியின் வாயைத்தான் உங்கள் உத்தரவு அடைத்திருக்கிறது.

ஆகவே விசாரணை வையுங்கள். நான் நேரில் வருகிறேன். பந்து உள்ளே போயிற்று என்று எந்தச் சபையிலும் நின்று சொல்வேன், வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்தும் சொல்வேன். விசில் திரும்பக் கிடைக்காமல் போனாலும் போகட்டும், கோலை மாற்றிச் சொல்லமாட்டேன். பாக்கியநாதன் வாத்தியார் பெற்ற மகனை வெளியே அனுப்பின குடும்பம் இது. இந்தக் குடும்பத்தில் பெண்ணெடுத்ததற்கு நீங்கள் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

தங்கநேசம் அக்காளுக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்களையும் சொல்லவும். உங்கள் வீட்டு மாமரமும், மாடியும், உங்கள் சர்க்கரையும் கர்த்தருடைய காவலில் இருப்பதாக. உங்கள் ஜெபத்தில் என் விசிலையும் நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
பா. சாம்ராஜ்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் ஆவுடையப்பன் நேரில் வந்தார். கையில் ஒரு கூடை மல்லிகை. மனுஷன் அவ்வளவு தங்கமானவர் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. நடந்ததை மறந்துவிடுவோம் என்கிறார். அடுத்த வருஷம் முதல் இன்னொரு கோப்பையும் வைக்கப் போகிறாராம். பெயர் என்ன தெரியுமா? "பாக்கியநாதன் வாத்தியார் நினைவு நேர்மைச் சுழற்கோப்பை." அந்தப் பெயரை ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அக்காளிடம் சொல்லுங்கள், அவளுக்கும் அப்பாதானே. மார்த்தாள் இப்போதே அப்பா படத்துக்கு அடியில் இருந்த டைம்பீஸை எடுத்துவிட்டு இடம் பண்ணிவிட்டாள். பூவை இந்தத் தடவை கோயிலுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் தெருப் பையன்களை வைத்து ஒரு அணி சேர்க்கலாம் என்றிருக்கிறேன். பைனலுக்கு உங்கள் குழுவிலிருந்து கொஞ்சம் நிலைமை தெரிந்த நடுவராகப் பார்த்து அனுப்பவும். ராயகிரி வாத்தியாருக்கு இன்னொரு கண்ணில் புரை இன்னும் எடுக்கவில்லையாம், அவரேகூடப் போதும். இதை வேறுமாதிரி நினைக்காதீர்கள். அப்பா சுபாவம் உங்களுக்கே தெரியும், பாளையங்கோட்டைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தாலே மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிடுவார். போயும் போயும் வேற்றூரில், முன்பின் தெரியாதவன் வீட்டு அலமாரியில் அவர் எப்படி இருப்பார்? ஆவுடையப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்குப் பந்து கோட்டைத் தாண்டியதோ இல்லையோ தெளிவாகத் தெரியவில்லை, கண்ணில் சேறு தெறித்திருந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். யோசித்துப் பார்த்தால் சேறு தெறிக்கத்தான் செய்தது. அதோடு, சதாமும் அன்றைக்கு ஊர் பார்க்கக் கோல் இல்லை என்றுதானே சொன்னான்? அடித்தவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது? ஆகவே விசாரணை வேண்டாம், விசிலை மட்டும் வாங்கி அனுப்பவும். அவன் ஏர்போர்ட்டிலிருந்து பேசினதாக மேலே எழுதியிருக்கிறேனே, அந்தத் தாளை மட்டும் படித்ததும் கிழித்துவிடுங்கள்.